வெயிலும் எலும்பும் வயல் மருந்தும்

ஆனி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடைபெறும். பிச்சாண்டவர் வீதியுலா வருகையில் வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைப்பார்கள்; கீழே நிற்கும் கூட்டம் கைகளை உயர்த்தி ஏந்திக்கொள்ளும். புனிதவதியார் கதை இப்பக்கத்தின் வாசகர்களுக்குப் புதிதன்று. கணவன் பரமதத்தன் தம்மைத் தெய்வமென்று அஞ்சி விலகிய பின், அழகுடலை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்றவர் அவர். சோழர் காலச் சிற்பிகள் அவ்வுருவத்தை வார்த்த விதம் வியப்புக்குரியது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு படிமமும், கன்சாஸ் நகரின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு படிமமும் உள்ளன. உடலெல்லாம் எலும்பு, கையிலோ தாளம்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்திருவிழாவுக்கு நம் குழுவினர் சிலர் சென்றிருந்தோம். உடன் வந்த நண்பர் ஒருவர் மருத்துவர். காவிரிக் கடைமடை ஊர்களில் நெடுநாள் பணியாற்றியவர். அம்மையாரின் எலும்புருவத்தைப் பற்றி நாம் இலக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் இடைமறித்து, "அம்மையார் கேட்டுப் பெற்றார். என்னிடம் வருகிற பெண்கள் யாரும் கேட்கவில்லை" என்றார். அவர் சொன்னது இதுதான். நாள் முழுதும் வயலில் வெயில் காய்ந்த பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் ஓயாத வலி. சோதித்தால் இரத்தத்தில் வைட்டமின் டி குறைவு. வெயிலால் உண்டாகும் சத்து வெயிலில் நிற்பவர்க்கு ஏன் இல்லை? அன்று தேரடியில் தொடங்கிய பேச்சு பல மாதங்கள் நம்மைப் பல நூல்களுக்கும் ஆய்வேடுகளுக்கும் இழுத்துச் சென்றது. அதன் வரலாற்றுப் பகுதியை மட்டும் இங்கே எழுத முற்படுகிறோம். நம்மில் எவரும் வேதியியலார் அல்லர். ஆனால் ஒரு கேள்வி எவ்வாறு கேட்கப்பட்டது, எவ்வாறு கேட்கப்படாமல் போனது என்று பார்ப்பது நம் தொழிலுக்கு அப்பாற்பட்டதன்று.

*

எலும்பு வளைவதற்கும் வெயிலுக்கும் உறவுண்டு என்பதை 1822இலேயே போலந்து மருத்துவர் ஸ்னியாடெக்கி எழுதிவிட்டார். வார்சா நகரத்துச் சந்துகளில் வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு வளைகிறது, நாட்டுப்புறப் பிள்ளைகளுக்கு வளைவதில்லை என்பது அவர் கண்டது. 1919இல் இங்கிலாந்தில் மெல்லன்பி நாய்க்குட்டிகளை வைத்து, உணவில் ஏதோ ஒன்று குறைவதால் இந்நோய் வருகிறதென்று காட்டினார். அதே ஆண்டில் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி பாதரச விளக்கின் ஒளியால் குழந்தைகளைக் குணப்படுத்தினார். மீனெண்ணெயிலுள்ள அப்பொருளுக்கு 1922இல் மெக்காலம் அகர வரிசையில் நான்காம் எழுத்தைச் சூட்டினார். அவ்வாண்டிலேயே நாசிக்கில் ஹட்சிசனும் ஷாவும் செய்த ஆய்வும் வெளிவந்தது. வீட்டுக்குள் அடைபட்ட செல்வக் குடும்பத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எலும்பு நோய்; வெளியில் உழைக்கும் ஏழைகள் ஏறக்குறைய நலமாயிருந்தனர். பின்னர் டாக்மர் கர்ஜல் வில்சன் என்னும் மருத்துவப் பெண்மணி காங்ரா பள்ளத்தாக்கில் எலும்புருக்கத்தை ஆராய்ந்தார்.

இந்த ஆய்வுகள் எல்லாம் கேட்டது ஒரே கேள்வி: என்ன குறைகிறது? அக்காலத்துக்கு அது பொருத்தமான கேள்வி. ஆனால் அதிலிருந்து தென்னாட்டார்க்கு ஒரு நிம்மதி பிறந்தது. நம்மிடம் வெயிலுக்கா பஞ்சம்! இந்த நிம்மதி அறுபது எழுபது ஆண்டுகள் நீடித்தது. 2000இல் தில்லியிலும், 2007இல் திருப்பதியிலும் நலமாயிருந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்து வெளியிட்ட முடிவுகள் அதைக் குலைத்தன. திருப்பதி ஆய்வில் நகரத்தார் மட்டுமல்லர், சிற்றூர் மக்களும் குறைவுடையவர்களாகவே காணப்பட்டனர். உணவில் சுண்ணாம்புச் சத்து குறைவு, தானியங்களிலுள்ள பைட்டேட் மிகுதி என்று ஆய்வாளர்கள் காட்டிய காரணங்கள் வலுவானவை. அவற்றை மறுப்பது நம் நோக்கமன்று. மேனி நிறம், ஆடை, நிழல் என்று இன்னும் காரணங்கள் உண்டு. இவை அனைத்தையும் சொன்ன பின்னும் மற்றொரு கேள்வி மிஞ்சுகிறது. என்ன குறைகிறது என்பதன்று. என்ன தடுக்கிறது என்பது.

இதை விளக்கக் காரைக்காலைவிட நல்ல ஊர் கிடைக்காது. அது காவிரியின் கடைமடை. அரசலாறும் திருமலைராசனாறும் நாட்டாறும் வாஞ்சியாறும் கடலைத் தொடுமுன் கடைசியாக நனைக்கும் மண். 1991இல் காவிரி நடுவர் மன்றம் இடைக்காலத் தீர்ப்பில் காரைக்காலுக்கென 6 டி.எம்.சி. ஒதுக்கியது, 2007இன் இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஏட்டில் நீர் உண்டு. வயலில் உண்டா என்பது மேட்டூரின் மட்டத்தை மட்டும் பொறுத்ததன்று என்று அங்குள்ள எந்த உழவரும் சொல்வார். கல்லணையில் எவ்வளவு பிரிந்தது, ஆற்றுத் தலைப்பில் எந்தப் பலகை எத்தனை அங்குலம் தூக்கப்பட்டது, வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா, கடைசியில் வயல் மடை திறக்கிறதா, இத்தனையும் பார்க்கவேண்டும்.

உடம்பிலும் அப்படியே. வெயில் பட்டுத் தோலில் உருவாகும் வைட்டமின் டி நேரே எலும்புக்குப் போவதில்லை. கல்லீரலில் ஒரு மாற்றம் அடைந்து தேங்குகிறது, அதுதான் மேட்டூர். சிறுநீரகத்தில் இரண்டாம் மாற்றம் பெற்றுச் செயலுறு வடிவமாகிறது, அது கல்லணை. பின்னர் குடல், எலும்பு முதலியவற்றின் உயிரணுக்களுக்குள் சென்று, அதற்கெனவே அமைந்த ஒரு புரதத்தின் பள்ளத்தில் பொருந்துகிறது. அப்புரதத்தை ஏற்பி என்கின்றனர். ஏற்பி தன் துணைப் புரதம் ஒன்றுடன் இணைந்து மரபணு இழையைப் பற்றிக்கொண்டு, உணவிலுள்ள சுண்ணாம்பை உறிஞ்சுவதற்கு வேண்டிய மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இதுவே வயல் மடை. கல்லீரல் மாற்றத்தை 1968இல் அமெரிக்காவில் டெலூக்காவின் குழு கண்டது. சிறுநீரகமே இரண்டாம் இடம் என்று 1970இல் கேம்பிரிட்ஜில் ஃபிரேசரும் கோடிசெக்கும் காட்டினர். ஏற்பியின் முதல் தடயத்தை 1969இல் ஹாஸ்லரும் நார்மனும் கோழிக்குஞ்சின் குடலில் பிடித்தனர். அதன் மரபணுவைப் பிரித்தெடுக்க 1987 ஆயிற்று.

ஆகவே "தடுப்பு" என்ற கேள்வியை முறையாகக் கேட்கக் கருவிகள் கிடைத்ததே ஐம்பது ஆண்டுகளுக்கு முன்புதான். கருவிகள் வருமுன்னரே அந்தத் தடுப்பால் எலும்பொடிந்தவர்கள் இருந்தார்கள்.

*

ஜப்பானின் தொயாமா மாநிலத்தில் ஜின்சூ என்றோர் ஆறு. அதன் கரையும் நம் கரையைப் போல நெல் வயல்களே. மேலே மலையில் கமியோகா சுரங்கம். மிட்சுய் நிறுவனத்தார் துத்தநாகம் தோண்டினார்கள். துத்தநாகத் தாதுவோடு ஒட்டிப் பிறந்தது காட்மியம். சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்து, ஆறு வாய்க்காலில் பிரிந்து, வாய்க்கால் வயலில் பாய்ந்து, நெல்லில் ஏறியது. சோறு உண்டவர் அனைவரும் உண்டனர். ஆனால் பெரிதும் வீழ்ந்தவர்கள் பல பிள்ளைகளைப் பெற்று, மாதவிலக்கு நின்ற பெண்கள். முதலில் இடுப்பு வலி. பிறகு வாத்து நடை. பிறகு இருமினால் விலாவெலும்பு ஒடிந்தது. திரும்பிப் படுத்தால் தொடையெலும்பு ஒடிந்தது. உடல் சுருங்கிக் குறுகியது. "இதாய், இதாய்" என்று அலறுவார்களாம். வலிக்கிறது, வலிக்கிறது என்று பொருள். நோய்க்கே அதுதான் பெயராயிற்று.

போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பிய ஹகினோ நோபோரு என்னும் உள்ளூர் மருத்துவர் இப்பெண்களைத் தம் மருத்துவமனையில் தொடர்ந்து கண்டார். மருத்துவ உலகம் சொன்ன விளக்கம் நமக்குப் பழகியதே: ஊட்டக் குறைவு, உழைப்பு மிகுதி, பனிப் பகுதியில் வெயில் போதாமை, வைட்டமின் டி குறைபாடு. முற்றிலும் தவறான விளக்கமும் அன்று. எலும்பு மெலிந்தது வைட்டமின் டி குறைந்தவர் எலும்பைப் போலவேதான். மிகுந்த அளவில் வைட்டமின் டி கொடுத்தபோது வலியும் தணிந்தது. இதுதான் இவ்வரலாற்றில் நம்மை நிறுத்தி வைத்த இடம். மருந்து பலித்ததே நோயின் காரணத்தை மறைத்துவிட்டது. மேட்டூரில் மேலும் மேலும் நீர் நிரப்பினால் அடைபட்ட மடையிலும் கொஞ்சம் கசியத்தானே செய்யும்.

ஹகினோ ஒரு வரைபடத்தில் நோயாளிகளின் வீடுகளைப் புள்ளியிட்டார். அவை ஜின்சூ நீர் பாயும் வயல்களைச் சுற்றியே கிடந்தன; வேறு ஆற்றுப் பாசனத்தில் இல்லை. ஒரே பனி, ஒரே வறுமை, நீர் மட்டும் வேறு. 1961இல் யோஷியோகா கின்இச்சியுடன் சேர்ந்து காட்மியமே காரணம் என்று வெளியிட்டார். பகுப்பாய்வில் ஒகயாமாப் பல்கலைக்கழகத்துக் கோபயாஷி ஜுன் துணை நின்றார். ஊரார் அனைவரும் அவரைக் கொண்டாடினார்கள் என்று எண்ணிவிட வேண்டா. எங்கள் அரிசியை யார் வாங்குவார், எங்கள் வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார் என்று கடிந்தவர்களும் உண்டு. 1968 மே மாதம் ஜப்பானிய சுகாதார அமைச்சகம் அதைச் சூழல் மாசினால் விளைந்த நோயென்று ஏற்றது. அந்நாட்டில் அவ்வாறு ஏற்கப்பட்ட முதல் நோய் அதுவே. 1972இல் மேல்முறையீட்டிலும் பாதிக்கப்பட்டவர்களே வென்றார்கள்.

காட்மியம் எப்படிச் செய்கிறது? அது சிறுநீரகத்தில் தங்கி அதன் நுண்குழாய்களைச் சிதைக்கிறது. பாஸ்பேட்டும் சுண்ணாம்பும் சிறுநீரில் வடிகின்றன. இரண்டாம் மாற்றத்தைச் செய்யும் நொதியும் தளர்கிறது. கல்லணையிலேயே அடைப்பு. ஏற்பியையும் நாம் மறந்துவிடலாகாது. மரபணு இழையைப் பற்றும் அதன் விரல்கள் துத்தநாக அணுக்களால் வடிவம் பெறுகின்றன; காட்மியமோ துத்தநாகத்தின் பங்காளி, அதன் இருக்கையில் சென்று அமரவல்லது. பங்காளிச் சண்டையைப் பற்றித் தமிழர்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஈயத்தின் கதை சுருக்கமானது. 1980இல் ரோசனும் டெலூக்காவும் பிறரும், ஈயம் ஏறிய அமெரிக்கக் குழந்தைகளின் இரத்தத்தில் செயலுறு வைட்டமின் டி குறைந்திருப்பதையும், ஈயத்தை வெளியேற்றிய பின் அது மீள்வதையும் காட்டினர். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல்தான் நின்றது. காற்று வேறொரு வகையிலும் தடுக்கிறது. 2002இல் வெளியான ஆய்வொன்றில், தில்லியின் மாசு மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளுக்குக் குர்காவ் குழந்தைகளைவிட வைட்டமின் டி குறைவாயிருந்தது. புகை அங்கே வெயிலையே வடிகட்டிவிட்டது. மழையே பெய்யாத கணக்கு.

*

இனி நம் கரைக்கு வருவோம்.

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி மாறியது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல். இந்திய அரசு தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை 1953இல் தொடங்கிச் சுற்றுப்புறச் சீமைகளில் சுவர்தோறும் டி.டி.டி. அடிக்கத் தலைப்பட்டபோது காரைக்கால் இன்னும் அயல்நாடு. அதன் எல்லையில் சுங்கக்காரர்கள் பட்டுக்கும் மதுவுக்கும் காவல் இருந்தார்கள். சாராய விலை வேறுபாட்டால் அந்த எல்லையின் நினைவு இன்றும் பசுமையாகவே இருக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள், நாம் விரிக்கவில்லை.

1960-61இல் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மக்கள் வழக்கில் பாக்கேஜ் திட்டம். விதை, உரம், பூச்சிக்கொல்லி, கடன் எல்லாம் ஒரே பொட்டலம். அடுத்த சில ஆண்டுகளில் ஆடுதுறை 27 வந்தது. தஞ்சை மாவட்டத்துக்குள் தீவு போல் கிடந்த காரைக்காலுக்கு ஆட்சி வேறு, ஆற்று நீரும் காற்றும் அதுவே. நெல் பெருகியது, பசி குறைந்தது. அதை மறந்துவிட்டு எழுதுவது நன்றிகொன்ற செயல். ஆனால் பொட்டலத்தில் இருந்தவற்றின் வரலாறு எழுதப்படவேண்டும்.

சொல்லைப் பாருங்கள். பூச்சிக்கொல்லி என்பது நூல் வழக்கு. வயல் வழக்கில் அது மருந்து. பயிருக்கு மருந்தடித்தார்கள், மனமொடிந்தவர் "மருந்தைக் குடித்துவிட்டார்". பாலிடால், எண்டிரின் ஆகிய வணிகப் பெயர்கள் தமிழ்ச் சிறுகதைகளுக்குள் நுழைந்ததும் இந்தப் பின்வாசல் வழியாகத்தான். எல்லாவற்றினும் மலிவாய் மூட்டை மூட்டையாய் வந்தது பி.எச்.சி. தூள். அதன் வேதியியல் விந்தையானது. ஒரே மூலக்கூறின் பல வடிவங்கள் கலந்த கலவை அது. பூச்சியைக் கொல்வது காமா வடிவம் ஒன்றே, அதுவோ நூற்றில் பத்துப் பதினைந்து பங்குதான். எஞ்சியதெல்லாம் சும்மா வந்த சுமை. சும்மா வந்தவற்றுள் பீட்டா என்றொரு வடிவம் உண்டு. பூச்சிக்கு ஒன்றும் செய்யாது, எளிதில் சிதையாது, மனிதக் கொழுப்பில் குடியேறி ஆண்டுக்கணக்கில் தங்கும்.

காரைக்காலுக்கு வடக்கே அதே கடற்கரையில் பரங்கிப்பேட்டை. அங்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம். 1980களின் பிற்பகுதியில் அம்மையத்தாரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் கூட்டாக ஓர் அரிய காரியம் செய்தார்கள். வெள்ளாற்றுப் பாசன வயல்களின் மண், நீர், காற்று, முகத்துவாரத்து வண்டல், தாய்ப்பால் ஆகியவற்றில் பி.எச்.சி.யையும் டி.டி.டி.யையும் அளந்தார்கள். ஜின்சூவின் பாடத்தைக் கற்ற நாட்டிலிருந்து வந்த அறிஞர்கள் நம் நெல் வயலில் நின்றது தற்செயலாக இருக்கலாம். அவர்கள் கண்டது எவரும் எதிர்பாராதது. வயலில் போட்ட பி.எச்.சி.யில் 99 விழுக்காட்டுக்கும் மேல் ஆவியாகிக் காற்றில் போய்விடுகிறது என்று 1991இல் எழுதினார்கள். முகத்துவாரத்தை அடைவது மிகச் சொற்பம். குளிர்நாட்டு வயலில் மண்ணோடு கிடக்கும் பொருள், நம் வெயிலில் நெற்பயிரின் மேல் புகையாய் எழுந்துவிடுகிறது. எந்த வெயில் எலும்புக்குச் சத்து தரவேண்டுமோ அதே வெயில். தாய்ப்பாலிலும் பி.எச்.சி. மிகுதியாக இருந்தது, அந்த ஆய்வு 1990இல் வெளியாயிற்று.

இப்பொருள்களுக்கும் வைட்டமின் டிக்கும் என்ன உறவு? விடை வேறொரு வாசலிலிருந்து வந்தது. வலிப்பு நோய்க்கு நெடுங்காலம் மாத்திரை உண்டவர்க்கு எலும்பு மெலிவதை 1968இல் ஜெர்மனியிலும் 1970இல் இங்கிலாந்திலும் கண்டிருந்தார்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் வைட்டமின் டியின் அளவைக் குறைப்பது பின்னர் தெரிந்தது. காரணம் 1998இல் விளங்கத் தொடங்கியது. கல்லீரலில், புறப்பொருள்களை உணர்ந்து அவற்றை அழிக்கும் நொதிகளை ஏவும் காவற்காரன் போன்ற மற்றோர் ஏற்பி இருக்கிறது. வைட்டமின் டி ஏற்பிக்கு அது நெருங்கிய உறவு. அந்நியப் பொருள் வந்தால் காவற்காரன் நொதிகளைப் பெருக்குகிறான். நொதிகள் அந்நியனோடு நில்லாமல் வைட்டமின் டியையும் சேர்த்துச் சிதைக்கின்றன. வெள்ளம் என்று பயந்து வடிகாலைத் திறந்துவிட்டவன் பாசன நீரையும் கடலுக்கு அனுப்பிய கதை. டி.டி.டி.யும் எண்டோசல்ஃபானும் இந்தக் காவற்காரனை எழுப்பவல்லவை என்பது ஆய்வுக்கூட உயிரணுக்களில் காட்டப்பட்டிருக்கிறது.

2012இல் கொரிய ஆய்வாளர்கள் அமெரிக்காவின் 2003-04 தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தார்கள். குளோரின் கலந்த பழைய பூச்சிக்கொல்லிகள் பலவற்றை வைட்டமின் டியின் அளவோடு ஒப்பிட்டார்கள். தெளிவாகக் குறைவோடு சேர்ந்து நின்றவை இரண்டு: டி.டி.டி.; பி.எச்.சி.யின் பீட்டா வடிவம். நம் கடற்கரை வயல்களில் கொட்டப்பட்ட அதே இரண்டு. சேர்ந்து நிற்பது வேறு, காரணமாவது வேறு. இரண்டும் கொழுப்பில் தங்குவன, வைட்டமின் டியும் கொழுப்பில் தங்குவது. உடல் பருமனே இரண்டையும் ஒருசேர ஆட்டுவிக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. ஆனாலும் தஞ்சைக் கடைமடையில் கேட்கத் தகுந்த கேள்வியைத் தேகு நகரத்துக் கொரியர்கள் அமெரிக்கரின் இரத்தத்தில் கேட்டார்கள் என்பது நமக்குச் சற்று உறுத்தத்தான் செய்கிறது.

வயல் மடையையே, அதாவது ஏற்பியையே, நேராக அடைக்கும் பொருளும் உண்டு. இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் குடிநீர் ஒட்டாத பாத்திரப் பூச்சு வகை ஃபுளோரின் சேர்மங்களால் கெட்டிருப்பது 2013இல் வெளிப்பட்டது. அருகிலுள்ள பதுவா பல்கலைக்கழகத்தார் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அச்சேர்மங்களுள் ஒன்று ஏற்பியின் பள்ளத்தில், செயலுறு வைட்டமின் டி பொருந்த வேண்டிய இடத்திலேயே போட்டியிட்டு அமர்கிறது. அவ்விடத்து மரபணுக்களின் துலக்கம் மாறுகிறது. எலும்பாக்கும் உயிரணுக்கள் சுண்ணாம்பைப் படிவிப்பது குறைகிறது. இத்தகைய தடையை இரத்தத்திலுள்ள வைட்டமின் டியை அளந்து காணமுடியாது. மருத்துவமனைகளில் அளப்பது கல்லீரல் வடிவத்தை, மேட்டூரின் மட்டத்தை.

*

இவ்வளவையும் எழுதிவிட்டு, எல்லா எலும்பு நோய்க்கும் வயல் மருந்தே காரணம் என்று முழங்குவது எளிது. அந்தச் சறுக்கலுக்கும் ஒரு வரலாறு உண்டு.

1970களின் நடுவில் கர்நாடக மலைநாட்டில், சாகர் வட்டத்து ஹண்டிகோடு என்னும் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும், ஏழைத் தலித் குடும்பங்களில் இடுப்பும் முழங்காலும் முடங்கும் நோய் ஒன்று கவனத்துக்கு வந்தது. அவர்கள் வயல் நண்டு உண்பவர்கள். வயல்களிலோ அப்போது எண்டிரினும் பாரத்தியானும் புதிதாய்ப் புகுந்திருந்தன. நண்டின் வழியே நஞ்சு என்ற செய்தி நாடெங்கும் பரவியது. ஹைதராபாதின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஊர் ஊராகச் சென்று குடிவழி வரைந்து பார்த்தபோது, அது பெற்றோர் வழி இறங்கும் நோயென்று தெரியவந்தது. சுற்றி உள்ளவர்களும் அதே நண்டை உண்டார்கள், முடங்கவில்லை. ஹகினோ வீடுகளைப் புள்ளியிட்டு நஞ்சைக் கண்டார். இவர்கள் குடும்பங்களைப் புள்ளியிட்டு நஞ்சில்லை என்று கண்டார்கள். இருவரும் செய்தது ஒரே வேலை. காரைக்கால் கரையில் அந்த வரைபடத்தின் மண்ணும் பாலும் காற்றுமாகிய பாதியை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பரங்கிப்பேட்டையார் தொடங்கி வைத்தார்கள். அதன்மேல் எலும்பு என்னும் மறுபாதியைப் பொருத்திப் பார்க்கவேண்டியவர்கள் மருத்துவர்கள்.

காலம் அவர்களுக்கு எல்லையற்றதன்று. இந்தியாவில் வேளாண்மைக்கு டி.டி.டி.யைப் பயன்படுத்துவது 1989இல் தடை செய்யப்பட்டது; பி.எச்.சி. 1997 ஏப்ரலில். எண்டோசல்ஃபானை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களின் துயரம் அதற்குப் பின்னணி. பீட்டா வடிவம் 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்பாட்டின் பட்டியலில் ஏறியது. ஆண்டுகள் செல்லச் செல்ல உடம்புகளில் அவற்றின் தடம் மங்கும். அந்தத் தூளைக் கையால் தொட்ட தலைமுறையும் மறைந்துகொண்டிருக்கிறது. ஜின்சூக் கரையில் எண்ணூறு எக்டேருக்கு மேற்பட்ட வயல்களின் மண்ணை மாற்றிச் சீர்செய்து முடிக்க 2012 ஆயிற்று. முப்பது ஆண்டுகளுக்கும் மேலான வேலை.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கையில் நண்பரிடமிருந்து ஒரு மடல் வந்தது. இடுப்பு வலியோடு வந்த எழுபது வயதுப் பெண்மணி ஒருவருக்கு வழக்கம்போல் அறுபதாயிரம் அலகுப் பொட்டலம், வாரம் ஒன்றாக எட்டு வாரங்களுக்கு எழுதிக் கொடுத்தாராம். பிறகு நம் பேச்சு நினைவுக்கு வரவே, "அந்தக் காலத்துல வயல்ல என்ன மருந்தும்மா போடுவீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"பேரு யாருக்குத் தெரியும் டாக்டரம்மா. வெள்ளைத் தூளு. பழந்துணியில மூட்டையாக் கட்டி, காலையில பனி காயறதுக்கு முன்னாடி பயிரு மேல உதறிக்கிட்டே போவோம். வெயில் ஏறினா ஒரு நெடி கிளம்பும். புள்ளையை வரப்புல போட்டுட்டுத்தான் உதறுவோம், பசிச்சு அழுதா வந்து பால் குடுக்கறது."

நண்பர் அதை நோயாளிச் சீட்டின் பின்புறத்தில் அப்படியே எழுதி வைத்துக்கொண்டாராம். முன்புறத்தில் அதற்குக் கட்டம் இல்லை.